இழுக்கும் வண்டியும் இழுபடும் வீடும்

சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீட்டை மகிழுந்தின் பின்னே பூட்டிக்கொண்டு குடும்பத்துடன் ஊர் சுற்றுதல் பிரிட்டானியரின் நெடுநாள் வழக்கமாகும். அவ்வீட்டைக் ‘கேரவன்’ என்பர். 1885ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் ‘வாண்டரர்’ என்ற கேரவனைக் குதிரைகள் பூட்டி நடத்திச் சென்றார். அன்று குதிரை நின்ற இடத்தில் இன்று மகிழுந்து நிற்கின்றது. எவ்வண்டிக்கு எவ்வீடு பொருந்தும் என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

பொறி வலிமையுடையதாயின் எதனையும் இழுக்கலாம் எனப் பலர் கருதுவர். இழுக்கும் வலி வேறு. அடக்கும் வலி வேறு. பக்கக் காற்றோ, விரைந்து கடக்கும் பெரிய லாரியோ கேரவனை ஒருபுறம் தள்ளும்போது, அது மகிழுந்தின் பின்புறத்தையும் உடன் அசைக்கும். வேகம் அளவுக்குட்பட்டிருப்பின் அவ்வசைவு தானே அடங்கும். வேகம் மிகின், ஒவ்வோர் அசைவும் முன்னதினும் பெரிதாகிப் பாம்பின் நெளிவு போல் வளர்ந்து, இரண்டையும் கவிழ்த்துவிடும். இழுக்கும் வண்டியினும் இழுபடுவது கனமானால் இவ்விடர் பெருகும்.

ஆதலின், கேரவனின் முழு எடை மகிழுந்தின் எடையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டலாகாது எனப் பிரிட்டனில் புதியவர்களுக்கு அறிவுரை கூறுவர். இது சட்டமன்று, பட்டறிவு தந்த வரையறை. எடுத்துக்காட்டாக, மகிழுந்தின் எடை 1,500 கிலோ எனின், கேரவன் 1,275 கிலோவுக்கு மேற்படலாகாது. இங்கே கேரவனின் வெற்றெடையைக் கொள்ளுதல் தவறு. நீர், எரிவாயு, பாத்திரம், படுக்கை யாவும் ஏற்றியபின் அது எட்டக்கூடிய உச்ச எடையையே கொள்ளல் வேண்டும்.

மகிழுந்தைச் செய்தோர் விதித்த இழுவை எல்லை வேறொன்று. அதனை மீறுதல் சட்டப்படியே குற்றம். மின்னுந்துகளுள் சில, எடை மிக்கனவாயினும், எதனையும் இழுக்க இசைவு பெறாதவை. ஆகவே எடையை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது.

மூன்றாவது, முன்பாரம். மாட்டுவண்டியில் பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். ஈண்டும் அவ்வாறே. கேரவனின் மூக்கு, மகிழுந்தின் இணைப்புக் குமிழை அழுத்தும் பாரம், கேரவன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை இருத்தல் நன்று. 1,200 கிலோ கேரவனுக்கு இது 60 முதல் 84 கிலோ. குமிழோ மகிழுந்தோ 75 கிலோவே தாங்குமெனின், அதுவே எல்லை. கனமான பொருள்களை அச்சின் அருகே தரையில் வைத்தல் வேண்டும். அவற்றை இருகோடியிலும் வைப்பின், எடை பொருந்தியிருந்தும் ஆட்டம் எளிதில் அடங்காது.

பிரிட்டனில் கேரவன் இழுப்போர்க்கு உயர்வேகம் விரைவுச்சாலையில் மணிக்கு 60 மைல். ஊர்ப்புறத்து ஒற்றைச் சாலையில் 50 மைல். நெளிவு தோன்றின், முடுக்கியிலிருந்து மெல்லக் காலை எடுத்துத் திருப்புவளையத்தை நேரே பிடித்திருத்தல் வேண்டும். தடையை ஓங்கி அழுத்துதலும், வளையத்தை இங்குமங்கும் திருப்புதலும் கேட்டினை மிகுவிக்கும்.

2021 டிசம்பர் 16 முதல், அந்நாட்டில் இயல்பான மகிழுந்து உரிமம் உடையோரும் தனித் தேர்வின்றி 3,500 கிலோ வரை இழுக்கலாம். தேர்வு நீங்கியது, இடர் நீங்கவில்லை. முன்பு தேர்வாளர் கேட்ட வினாக்களை இன்று ஓட்டுவோரே தம்மைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

வலியறிதலைக் கூறவந்த வள்ளுவர் வண்டியின் அச்சினை உவமையாக்கினார். ஏற்றும் பொருள் எத்துணை மெல்லியதாயினும், தாங்கும் அளவு ஒன்றுண்டு. பின்னிருக்கையில் துயிலும் குழந்தைகளுக்குக் கணக்குத் தெரியாது. புறப்படுமுன் கணக்கிட்டுப் பார்த்தல் பெற்றோர் கடன்.