ரயிலில் சத்தம்: யார் கேட்பது?

இரவு 11 மணி. ஸ்லீப்பர் பெட்டியில் ஒருவர் ஹெட்போன் இல்லாமல் செல்போனில் படம் பார்க்கிறார். எதிர் பெர்த்தில் குழந்தை சிணுங்குகிறது. எல்லோரும் புரண்டு படுக்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை.

ஆள் கூடக் கூட, ‘வேறு யாராவது கேட்கட்டும்’ என்ற எண்ணமும் கூடும் என்று 1968-இல் ஆய்வுசெய்து காட்டினார்கள் உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும். ஆனால் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் நகரங்களின் கண்காணிப்பு கேமராக்களில் பதிவான 219 தகராறுகளை அலசியபோது, பத்தில் ஒன்பதில் யாரோ ஒருவராவது தலையிட்டிருந்தார். மனிதர்கள் அவ்வளவு கல்நெஞ்சர்கள் அல்ல!

கேட்கத்தான் வேண்டும். “அண்ணே, குழந்தை தூங்கணும், கொஞ்சம் சத்தத்தைக் குறைங்களேன்” என்று தணிந்து கேளுங்கள். ஆள் குடித்திருந்தால் மோத வேண்டாம். டிக்கெட் பரிசோதகரிடமோ 139 என்ற ரயில்வே எண்ணிலோ புகார் செய்யுங்கள்.