மொட்டை மாடியில் ஒரு சிமெண்ட் கொக்கு!

கொக்கு, தவளை, காளான், தாமரைத் தொட்டி... இதையெல்லாம் வீட்டிலேயே சிமெண்டில் செய்து விற்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து சீட்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். திருவொற்றியூரில் மெட்ரோ ரயிலைத் தாங்குகிற தூண்களுக்கே ஒரு பூந்தொட்டிதான் தாத்தா என்பது அவருக்குத் தெரியாது!

பிரான்ஸில் ஜோசப் மோனியே என்று ஒரு தோட்டக்காரர். மண் தொட்டி உடைந்தது, மரத் தொட்டி மக்கியது. மனுஷன் பார்த்தார். இரும்புக் கம்பியை வலையாகப் பின்னி, மேலே சிமெண்ட் பூசித் தொட்டி செய்தார். 1867-ல் காப்புரிமையும் வாங்கினார். அந்தத் தொட்டி வளர்ந்துதான் குழாய் ஆனது, பாலம் ஆனது.

நம்ம ஊருக்கும் சிமெண்டுக்கும் பழைய உறவு. இந்தியாவில் முதன்முதலில் சிமெண்ட் ஆலை வைத்தது சென்னையில்தான். வருஷம் 1904. கடல் சிப்பியை வைத்துச் செய்தார்கள். நீடிக்கவில்லை.

"அதெல்லாம் சரி, ஆபீஸ் போறவனுக்கு ஏது சார் நேரம்?" என்கிறீர்களா?

சண்டிகரில் நேக் சந்த் என்ற அரசு ரோடு இன்ஸ்பெக்டர், 1950-களின் கடைசியிலிருந்து ஆபீஸ் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், உடைந்த பீங்கானையும் வளையலையும் சிமெண்டில் பதித்து யாருக்கும் தெரியாமல் பொம்மை செய்தார். கிட்டத்தட்ட 18 வருஷம்! அதிகாரிகள் கண்டுபிடித்தபோது ஒரு பெரிய தோட்டமே இருந்தது. இடிக்கவில்லை. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார்கள். 1984-ல் அவருக்கு பத்மஸ்ரீ. (அவர் செய்தது அரசாங்க நிலத்தில். நாம் முயன்றால் பத்மஸ்ரீ வராது, புல்டோசர்தான் வரும்!)

என் கதை சின்னது. துறைமுகத்தை ஒட்டி ஒரு ஆபீஸில் குமாஸ்தா. திடீரென்று ஓவர்டைம் நின்றது. வீட்டு வாடகை நிற்கவில்லை. கையில் மிச்சம் இருந்தது மொட்டை மாடியும் ஞாயிற்றுக்கிழமையும்தான். எங்கள் தெரு மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"இன்னா தம்பி, எதிர்லயே கடல் கீது, மணலுக்கு எதுக்குத் துட்டுன்னு பாக்கறியா? அந்த மணல்ல கொக்கு செஞ்சியானா கால் உடைஞ்சி படுத்துக்கும்!" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

காரணம் உப்பு. கடல் மணலில் உள்ள உப்பு, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஊதிப் பெருக்கும், சிமெண்ட் வெடிக்கும். போதாக்குறைக்கு, கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம். காசு கொடுத்து எம்-சாண்ட் வாங்குங்கள். கொக்குக் காலுக்கு ஜி.ஐ. கம்பி போடுங்கள். எண்ணூர், ராயபுரம் உப்புக்காற்று சாதாரணக் கம்பியைச் சும்மா விடாது.

மேஸ்திரி சொன்ன மற்ற பாடங்கள்:

* ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல். தண்ணீர் கொஞ்சமாக. கலவை தண்ணியாகப் போனால் பொம்மை பலவீனம்.

* அச்சுக்குள் எண்ணெய் தடவிவிட்டு ஊற்றுங்கள். மறுநாள் வரை அச்சைத் தொடாதீர்கள்.

* எடுத்த பிறகு ஈரக் கோணியைப் போர்த்தி, குறைந்தது பத்து நாள் தண்ணி காட்டணும். வெயிலில் காய வைத்தால் சீக்கிரம் ஆகும் என்று நினைக்கிறோம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்தில்தான் இறுகும்!

* ஈர சிமெண்ட் தோலை அரிக்கும். கையுறை கட்டாயம். மூட்டை கொட்டும்போதும் உப்புத்தாள் தேய்க்கும்போதும் மாஸ்க். நம்ம பக்கத்துக் காற்றில் ஏற்கெனவே தூசிக்குப் பஞ்சமில்லை.

* புதுத் தொட்டியில் சில நாள் தண்ணீர் ஊற்றி மாற்றி மாற்றிக் கொட்டிவிட்டு, அப்புறம் செடி வையுங்கள், மீனும் அப்படித்தான். காரம் இறங்கணும்.

இனி கணக்கு. ஐம்பது கிலோ மூட்டை ஒன்றில் ஐந்து கிலோ தொட்டி சுமார் 40 வரும். 'அடேயப்பா' என்று நாற்பதை விலையால் பெருக்கிவிடாதீர்கள். மணல், கம்பி, பெயிண்ட், அச்சுத் தேய்மானம், குட்டி யானை வாடகை, உடைந்த நாலு தொட்டி, இதோடு உங்கள் கூலி. எல்லாரும் விட்டுவிடுவது கடைசியாகச் சொன்னதைத்தான். கூலி எழுதாத நோட்டில் லாபம் இருக்காது, முதுகு வலிதான் இருக்கும். எனக்கு இப்போது வாடகையில் பாதி வருகிறது. வேலையை விடுகிற உத்தேசம் இல்லை.

தொழில் பெருகினால் உத்யம் பதிவு செய்யலாம். இணையத்தில் இலவசம், புரோக்கருக்குக் காசு தராதீர்கள். கடன், மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். நீங்கள் அரசு ஊழியர் என்றால் முதலில் துறையில் அனுமதி.

மோனியே என்ன ஆனார் என்று சொல்லவில்லையே? உலகமே அவர் முறையில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தபோது, 1888-ல் அவர் திவால். கண்டுபிடிக்கத் தெரிந்த மனுஷனுக்குக் கணக்கு கைகொடுக்கவில்லை.

அதனால் சிமெண்ட் மூட்டை வாங்கப் போகும்போது, வழியில் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் நோட்டு, அப்புறம் மூட்டை!