கீரிமலைக்குக் குளிக்கப் போனோம்



2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் களப்பணியில் இருந்தேன். அங்குள்ள மாதர் குழுவின் சேமிப்புக் கூட்டம் ஒரு நாள் நேரத்தோடு முடிந்துவிட்டது. கணக்குக் கொப்பிகளை மூடி வைத்த பின்னர், "எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நாள் எங்கேயாவது போய் வருவோமா?" என்று கேட்டேன்.

பதினொரு பெண்கள் இருந்தார்கள். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா, "என்ன கூட்டத்துக்கு?" என்று கேட்டார்.

"கூட்டமில்லை அக்கா. சும்மா உலாத்த."

"சும்மாவோ?" என்றார் அவர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பல நாட்களாக மனதில் நின்றது. இவர்கள் பயணம் செய்யாதவர்கள் அல்லர். அந்தக் குழுவில் ஒருவர் 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்தவர். மற்றவர்கள் 2008 இலும் 2009 இலும் ஊர் ஊராக ஓடி முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள். அதன் பின்னரும் முகாம், வைத்தியசாலை, சிறைச்சாலை, கச்சேரி, விசாரணை என்று எத்தனையோ இடங்களுக்கு அலைந்தவர்கள். ஆனால் ஓடாமலும் அலையாமலும், ஒரு இடத்தைப் பார்த்து மகிழ்வதற்காகவே போன பயணம் எது என்று கேட்டால், பலருக்குத் திருமணத்திற்கு முந்திய நாட்களைத்தான் நினைக்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஒரு சமூகத்தில் யார் யாருக்கு ஓய்வு கிடைக்கிறது என்பதைப் பற்றியும் படித்திருக்கிறேன். பாடமாகப் படித்ததைக் கிராமத்தில்தான் கண்ணால் கண்டேன். எமது ஊர்களில் ஆண்கள் ஓய்வாக இருப்பதற்கென்று இடங்கள் உண்டு. வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், சந்தி மதகு, தவறணை. பெண்களுக்கு இருந்தவை கோயிலும் பங்குக் கிணற்றடியும்தான். கோயிலுக்குப் போனாலும் நேர்த்திக்கடன் என்ற காரணம் வேண்டும். கிணற்றடிக்குப் போனாலும் கையில் குடம் வேண்டும். ஒரு பெண் காரணமில்லாமல் மகிழ்ச்சியாக இருப்பதற்கு ஊரில் இடம் ஒதுக்கப்படவில்லை. போர் அந்த இரண்டு இடங்களையும்கூடப் பலரிடமிருந்து பறித்துக்கொண்டது.

மூன்று தடைகள்

அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி மனம் திறந்து கதைத்தோம். தடைகள் மூன்று என்று தெரிந்தது.

முதலாவது காசு. கோழி வளர்ப்பவர், தையல் வேலை செய்பவர், நாட்கூலிக்குப் போகிறவர் என்று எல்லோருமே ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவழிப்பவர்கள். சிலருக்கு நுண்கடன் தவணையும் இருந்தது.

இரண்டாவது ஊர்வாய். "புருஷன் இல்லாதவளுக்கு உலாத்து கேட்குதோ எண்டு சொல்லுவினம்" என்றார் ஒருவர். புதுச்சேலை உடுத்தினாலே கதை கட்டுகிற ஊரில் இந்தப் பயம் பொய்யான பயம் அல்ல.

மூன்றாவதுதான் பெரியது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி முதல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எமது குழுவில் சிலரும் அங்கே போய் இருப்பவர்கள். "அங்க தாய்மார் வெயிலுக்க இருக்கினம். நாங்கள் சிரிச்சு விளையாடப் போறதோ?" என்று ஒரு சகோதரி கேட்டார்.

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்றே நினைத்தேன். கூட்டத்தில் மூத்தவரான ஒரு அம்மாதான் சொன்னார்: "பிள்ளை, நானும் அங்க இருக்கிறனான்தான். ஒரு நாள் இருக்கிறதுக்கு எனக்கு உடம்பில பெலன் வேணும். அழுது அழுது படுக்கையில விழுந்தால் என்ர பொடியனை ஆர் தேடுறது?"

அதன் பின்னர் ஒருவரும் மறுக்கவில்லை. வாரம் இருபது ரூபா தனி உண்டியலில் போடுவதென்றும், போதாததைக் கடைசியில் பகிர்ந்துகொள்வதென்றும் முடிவாயிற்று. தவணை கட்டும் நாள் குறுக்கிடாதபடி ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் குறித்தோம். ஊர்வாய்க்கு மருந்து எளிதாக இருந்தது. "எல்லாரும் சேர்ந்து போனால் ஆரைப் பற்றி ஆர் கதைக்கிறது?"

கீரிமலை என்றதும்

எங்கே போவது? பிள்ளைகளைக் கேட்டோம். "ரயிலில் போவோம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். வடக்கில் 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் வந்தது. இடையில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு. குழுவில் இருந்த இளம் தாய்மார் இருவர் தாங்களும் ஒரு நாளும் ரயிலில் ஏறியதில்லை என்று வெட்கத்தோடு சொன்னார்கள். ரயிலில் கடைசித் தரிப்பிடம் வரை போய், அங்கிருந்து கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டு வருவது என்று திட்டமிட்டோம்.

அப்போது ஒரு அக்கா எழுந்துவிட்டார். "நான் வரேல்ல" என்றார்.

அவருடைய கணவர் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. இறந்தார் என்றும் இல்லை. இருக்கிறார் என்றும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கும்படி பலர் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் திரிகிறார். கீரிமலை எமக்கு எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தியேட்டிக் கிரியை செய்வதும், ஆடி அமாவாசையில் தந்தையை நினைத்துத் தீர்த்தமாடுவதும் அங்கேதான். "அங்க போறதெண்டால் அவர் இல்லையெண்டு நானே சொல்லுற மாதிரி, தங்கச்சி" என்றார்.

இடத்தை மாற்றுவோம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு நாட்களின் பின்னர் வேலியடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "இடத்தை மாத்த வேண்டாம். பிள்ளையள் ஆசைப்பட்டிட்டுதுகள். நானும் வாறன். ஆனால் நான் அங்க கிரியைக்குப் போகேல்ல. குளிக்கப் போறன். அவ்வளவுதான்."

போன நாள்

நல்லூர்த் திருவிழாக் காலமாதலால் ரயிலில் சனம் நிறைந்திருந்தது. இருக்கைக்கு வழியில்லை. ஆனால் ஆனையிறவு வந்தபோது ஒருவரும் இருக்க விரும்பவில்லை. எல்லோரும் யன்னலோரம் வந்துவிட்டார்கள். கடலேரியின் நீரும் வெயிலில் வெளுத்த வெளியும். சிலருக்கு அது சண்டையின் பெயர். பிள்ளைகளுக்கோ அன்றைக்கு அது தண்ணீரின் மேல் ரயில் ஓடிய இடம். கொடிகாமத்துக்குக் கிட்ட வந்ததும் வாழையிலையில் கட்டி வந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் அவிழ்த்தோம். அடுத்த இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாவும் எங்களோடு பங்குக்கு வந்தார்.

வலிகாமத்திலிருந்து வந்த அக்கா, சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று ஒவ்வொரு நிலையமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மாவிட்டபுரத்தில் கதையும் சொன்னார். குதிரை முகத்தோடு துன்பப்பட்ட மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி நோய் நீங்கி, மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்பது எமது ஐதீகம். கீரி முகம் நீங்கப் பெற்ற நகுல முனிவரால்தான் கீரிமலை என்ற பெயரும் வந்தது என்பர். "அப்ப அந்தப் பொம்பிளையும் குளிக்கத்தான் வந்தவவோ?" என்று கேட்டார் எங்கள் அக்கா. அதுவரை அவர் அதிகம் கதைக்கவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து மூன்று ஓட்டோக்களில் கீரிமலைக்குப் போனோம். 1990 இல் அந்தப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபின் அது நீண்டகாலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. போருக்குப் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாகவே விடப்பட்டன. வழியில் கூரையில்லாத வீடுகளும் அவற்றுக்குள் வளர்ந்த மரங்களும் தெரிந்தன. அந்த இடத்தில் ஓட்டோவுக்குள் சத்தம் குறைந்தது.

பிறகு கடல் தெரிந்தது. கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாகக் கீழிறங்கி, நிலத்தடி வெடிப்புகளால் ஓடி, கரையோரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. ஒரு பக்கம் அலை அடிக்க, மறுபக்கம் உப்பில்லாத தண்ணீர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. பெண்கள் கேணி மதிலால் மறைக்கப்பட்டது. அந்த மதிலுக்குள் போனதும் எங்கள் பெண்களின் நடையே மாறிவிட்டது. குறுக்குக்கட்டோடு ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள். கொக்கான் வெட்டிய காலத்து முகங்களை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கூட்டங்களில் வாய் திறக்காத ஒருவர், பகிடி சொல்லுவதில் எல்லோரையும் வென்றுவிட்டார்.

எங்கள் அக்கா மட்டும் கடைசிப் படியில் கால் நனைய நெடுநேரம் நின்றார். ஒருவரும் அவரை வற்புறுத்தவில்லை. திடீரென்று அவருடைய மகள் இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தாள். எல்லோரும் பயந்துவிட்டோம். அவர் முகத்தைத் துடைத்தார். பிறகு படியை விட்டு இறங்கி, மகளுக்குத் திருப்பி அடித்தார். தலையோடு மூழ்கி எழுந்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டோம். அழுது முடித்து மறுபடியும் மூழ்கினார். மாலையில் ஈரத்தலையை உலர்த்திக்கொண்டு, குங்குமச் சிமிழை எடுத்துப் பழையபடி பொட்டு வைத்துக்கொண்டார்.

இரவு பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் எல்லோரும் மடிகளில் நித்திரை. அந்த அக்கா என் பக்கம் சாய்ந்து, "சரியான முசுப்பாத்தியாய் இருந்தது" என்றார். சற்றுப் பொறுத்து, "அவர் வந்தால் சொல்லலாம்" என்றார்.

நீங்களும் போகலாம்

ஒரு நாள் குளிப்பினால் காணாமல் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். கடனும் தீராது. அந்தக் குழுவில் நான் கண்ட மாற்றம் சிறியதுதான். அடுத்த கூட்டத்திற்கு எல்லோரும் நேரத்திற்கு வந்தார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் சமைத்துக் கொடுக்க ஆள் இருந்தது. சேர்ந்து சிரித்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்கக் கூச்சப்படுவதில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். இறந்தவர்களை மறந்துவிட்டதனால் அவர்கள் சிரிக்கவில்லை. நினைவையும் சுமந்துகொண்டே சிரித்தார்கள்.

தொலைதூரம் போக வேண்டியதில்லை. வன்னியில் இருப்பவர்களுக்கு இரணைமடுக் குளக்கட்டு மாலைக் காற்றுக்குப் போதும். மன்னார்ப் பள்ளிமுனையின் பெருக்கமரத்தைப் பிள்ளைகள் கைகோத்து அளந்து பார்க்கலாம். மாரி காலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகள் வந்திறங்கும். குறிகட்டுவானிலிருந்து படகேறினால் நயினாதீவு. திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் வெவ்வேறு சூடு. மட்டக்களப்பில் பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுகிறதா என்று காதைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒன்றுக்கும் வழியில்லையென்றால் முற்றத்து மாமரத்தில் ஒரு ஊஞ்சலும், நிலா வெளிச்சத்தில் ஒரு கிளித்தட்டும் போதும். ஊஞ்சலில் பிள்ளைகளை மட்டும் ஆட்டிவிடாமல் நீங்களும் ஏறுங்கள்.

புறப்படும் முன் சில விடயங்களைக் கவனியுங்கள்.

• தனியே தயங்குபவர்கள் குழுவாகப் போங்கள். மூன்று பேர் சேர்ந்தாலும் குழுதான்.

• பெரிய தொகை தேட வேண்டாம். சிறு உண்டியல் ஒன்றைப் பொதுவில் வையுங்கள். இதற்காகக் கடன் எடுக்க வேண்டாம்.

• பாதை திருத்த வேலைகளாலும் வெள்ளத்தாலும் புகையிரத சேவைகள் மாறுவதுண்டு. நிலையத்தில் விசாரித்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

• போர் நடந்த இடங்களில் மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகை நட்ட காணிகளுக்குள் ஒருபோதும் இறங்க வேண்டாம். தெரியாத இரும்புப் பொருட்களைத் தொட வேண்டாமென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

• நீச்சல் தெரியாதவர்கள் படியை விட்டுப் போக வேண்டாம். பிள்ளைகள்மீது ஒருவர் எப்போதும் கண் வைத்திருங்கள்.

• ஒரு இடத்தைப் பார்க்க ஒருவருக்கு மனம் வரவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம். இடத்தை மாற்றலாம், நாளையும் மாற்றலாம். அவர் தானே வரும்வரை பொறுத்திருங்கள்.

எங்கள் குழுவின் அடுத்த சேமிப்புக் கூட்டத்தில் கணக்குக் கொப்பிகளை மூடியபோது, நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அக்காதான் கேட்டார்.

"தங்கச்சி, அடுத்த முறை எங்க?"