வாடிவாசலைச் சொல்லறிந்து படிப்போம்

அந்தமானில் பிறந்து வளர்ந்த என் பேத்தி, சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, மாட்டை அணையறதுன்னா விளக்கை அணைக்கிற மாதிரியா?" சிரித்தேன், பிறகு யோசித்தேன். கடல் சூழ்ந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு வாடி ஏது, திமில் ஏது? சொல் புரியாமல் கதை புரியுமா?

இது நமக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல. ஹெமிங்வே 1926இல் வெளியிட்ட 'தி சன் ஆல்சோ ரைசஸ்' நாவல், ஸ்பெயின் நாட்டுப் பம்ப்லோனா நகரில் ஜூலை 6 முதல் 14 வரை நடக்கும் சான் பெர்மின் திருவிழாவைச் சொல்வது. 1932இல் காளைப்போர் பற்றித் தனி நூலே எழுதிய அவர், அதன் பின்னே ஒரு சொல் விளக்கப் பட்டியலையும் சேர்த்தார். அந்த வழியில் நாமும் சில சொற்களைப் பார்ப்போம்.

வாடிவாசல் என்பது அடைத்து வைத்த காளைகள் ஒவ்வொன்றாக வெளிவரும் வாசல். ஸ்பெயினில் அப்படி அடைக்கும் இடம் 'தொரில்'. சல்லிக்கட்டு என்ற பெயர் கொம்பில் கட்டிய சல்லிக்காசிலிருந்து வந்தது என்பர். திமில், காளையின் முதுகில் உயர்ந்து நிற்கும் மேடு. வீரனின் பிடி அங்கேதான். காரி என்றால் கருப்பு. கதையில் ஜமீன்தார் காளையின் பெயரும் அதுவே.

இனி பேத்தி கேட்ட சொல். அணைதல் என்றால் தழுவுதல். கலித்தொகையின் முல்லைப் பாடல்கள் இதையே ஏறு தழுவுதல் என்கின்றன. ஸ்பானிய வீரனுக்கோ 'மத்தாடோர்', அதாவது கொல்பவன், என்று பெயர். அங்கே காளை சாவதே ஆட்டத்தின் முடிவு. இங்கே பிடித்தவன் விட்டுவிட வேண்டும். காளை வீடு திரும்ப வேண்டும்.

இந்த வேறுபாடு தெரிந்தால்தான் நாவலின் முடிவு நெஞ்சில் தைக்கும். தந்தை அம்புலியைக் குத்திச் சாய்த்த காரியைப் பிச்சி அணைந்து வெல்கிறான், கொல்லவில்லை. தோற்ற காளையைச் சுட்டுக் கொல்பவர் அதை வளர்த்த ஜமீன்தார்தான்! பகை கொண்டவன் தழுவினான், சொந்தக்காரர் கௌரவத்துக்காகக் கொன்றார். விளக்கை அணைத்தது யார் என்று பேத்தி இப்போது தானே சொல்லிவிட்டாள்.

மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இச்சொற்களைக் கேட்டு எழுதி வைப்போமாக.