50,000 தோட்டாக்களின் கணக்கு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், சவுத்போர்ட் என்ற ஊரில், வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 50,000 டாலர் முதலீட்டில் ஒரு நிறுவனம் தொடங்கினர். 1949இல் அது விற்பனைக்கு விட்ட முதல் கைத்துப்பாக்கி .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டாவைச் சுடுவது, மேகசினில் 9 தோட்டாக்கள், விலை 37.50 டாலர். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டுச் சராசரி 1949இல் 23.8, 2024இல் 313.7, அதாவது 13.2 மடங்கு. அன்றைய 37.50 டாலர் 2024இன் பணத்தில் ஏறத்தாழ 494 டாலர். இன்று அந்நாட்டில் அதே வகையில் நல்ல இலக்குத் துப்பாக்கி ஒன்று 500 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. 75 ஆண்டுகளில் உண்மை விலை பெரிதாக நகரவில்லை. ஆனால் வாங்குபவர் முதலில் பார்க்கும் இந்த 500 டாலர், அவர் செலவழிக்கப்போகும் தொகையில் மிகச் சிறிய பகுதி.

எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. வாரம் ஒரு மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம், ஒவ்வொரு முறையும் 100 தோட்டா என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,000 தோட்டா. 10 ஆண்டில் 50,000. தோட்டா ஒன்றுக்கு 10 சென்ட், சுடுதளக் கட்டணம் மணிக்கு 20 டாலர், கூடுதல் மேகசின், காதுக்கவசம், கண்ணாடி, பூட்டுப்பெட்டி ஆகியவற்றுக்கு 200 டாலர் என்று கொண்டால், 10 ஆண்டுச் செலவு பின்வருமாறு அமையும்.

துப்பாக்கி: 500 டாலர் (3.2 விழுக்காடு)
துணைப் பொருள்கள்: 200 டாலர் (1.3 விழுக்காடு)
தோட்டா: 5,000 டாலர் (31.8 விழுக்காடு)
சுடுதளக் கட்டணம்: 10,000 டாலர் (63.7 விழுக்காடு)
மொத்தம்: 15,700 டாலர்

ஒருமுறை சுடுவதற்கு ஆகும் முழுச் செலவு 31.4 சென்ட். 500 டாலர் துப்பாக்கிக்குப் பதிலாக 1,000 டாலர் துப்பாக்கி வாங்கினால் மொத்தம் 16,200 ஆகும், கூடுதல் 3.2 விழுக்காடு. 10 சென்ட் தோட்டாவை விட்டு 20 சென்ட் போட்டித் தரத் தோட்டாவுக்கு மாறினால் மொத்தம் 20,700, கூடுதல் 31.8 விழுக்காடு. .22க்குப் பதில் 9 மி.மீ. துப்பாக்கியை எடுத்து, தோட்டாவுக்கு 25 சென்ட் கொடுத்தால் மொத்தம் 23,200, கூடுதல் 47.8 விழுக்காடு. அலகு விலைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அவை சற்று ஏறி இறங்கினாலும் வரிசை மாறாது. துப்பாக்கியின் விலையை இருமடங்காக்குவதைவிட, தோட்டாவின் விலையை இருமடங்காக்குவது 10 மடங்கு பாரம்.

தோட்டா ஏன் மலிவு என்பதற்கு அதன் அமைப்பே விடை. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய .22 எல்.ஆர். தோட்டாவில், பற்றவைக்கும் மருந்து தனிக் கிண்ணத்தில் இல்லை. உறையின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அடிமுள் விளிம்பை நசுக்கும்போது அது பற்றிக்கொள்கிறது. ரிம்ஃபயர் என்ற பெயரும் அதனால்தான். நசுங்க வேண்டிய உறை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய உறை அதிக அழுத்தம் தாங்காது. அமெரிக்கத் தொழில்தர உச்சவரம்பு .22 எல்.ஆர். தோட்டாவுக்குச் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000 பவுண்டு. முன்னது பின்னதில் 69 விழுக்காடு. அழுத்தம் குறைவானதால் குழலைச் சட்டத்தோடு அசையாமல் பொருத்தி, பின்னகரும் பகுதியைச் சுருள்வில்லாலும் அதன் சொந்த எடையாலும் மட்டுமே தடுத்து நிறுத்த முடிகிறது. அசையாத குழல் துல்லியத்துக்கு உதவுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு: சுட்ட உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது நடைமுறையில் இயலாது.

அடுத்த எண் 12. வழக்கமான .22 குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது 2.59 கிராம். கைத்துப்பாக்கியிலிருந்து நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால் அதன் உந்தம் 0.78 கிலோகிராம்-மீட்டர்/நொடி. 124 கிரெய்ன் எடையுள்ள 9 மி.மீ. குண்டு, அதாவது 8.04 கிராம், நொடிக்கு 335 மீட்டரில் போனால் உந்தம் 2.69. இரண்டையும் 1 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், வெளியேறும் வாயுவைக் கணக்கில் சேர்க்காமலே, பின்னுதைப்பின் ஆற்றல் முறையே 0.30 ஜூல், 3.63 ஜூல். 12 மடங்கு வேறுபாடு. புதியவர் பின்னுதைப்பை எதிர்பார்த்து, சுடுவதற்கு முன்பே மணிக்கட்டை இறுக்குவது பழுதான பழக்கம், 0.30 ஜூலில் அந்தப் பழக்கம் வேர்விடுவது அரிது. முதல் 1,000 தோட்டாக்களை .22இல் சுடச் சொல்வதற்குச் செலவைவிட இதுவே வலுவான காரணம்.

துப்பாக்கியின் எடை இருபுறமும் வெட்டும் எண். ரூகர் 22/45 லைட் ஏறத்தாழ 25 அவுன்ஸ் (709 கிராம்). ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி 36 அவுன்ஸ் (1,021 கிராம்). 1957இல் விற்பனைக்கு வந்த அதே நிறுவனத்தின் மாடல் 41, 5.5 அங்குலக் குழலுடன் 41 அவுன்ஸ் (1,162 கிராம்). சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு 25 மீட்டர் போட்டிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1,400 கிராம். முன்சொன்ன உந்தத்தில் 709 கிராம் துப்பாக்கி 0.43 ஜூலும், 1,162 கிராம் துப்பாக்கி 0.26 ஜூலும் பின்னுதைக்கும். எடை கூடியதில் அதிர்வு குறைவு. ஆனால் நீட்டிய கை ஒவ்வொரு முறையும் 10 நொடி தாங்கினால், 100 தோட்டாவுக்கு 1,000 நொடி, ஏறத்தாழ 17 நிமிடம். அவ்வளவு நேரமும் கூடுதல் 453 கிராமைச் சுமக்க வேண்டும். முதல் 20 தோட்டாவில் நன்றாக இருப்பது 80ஆவது தோட்டாவில் நடுங்கலாம். எடையைத் தேர்வதற்கு முன் கடைசி 20 தோட்டாக்களின் துளைகளைப் பார்ப்பது நல்லது.

குறிபார்ப்பதில் தீர்மானிக்கும் எண் 0.22 மில்லிமீட்டர். 25 மீட்டர் போட்டியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 220 மி.மீ. வரை அனுமதி. அந்தத் தொலைவில் முன்குறி 0.22 மி.மீ. விலகினால், 25 மீட்டர் அப்பால் குண்டு 25 மி.மீ. விலகும். துல்லியச் சுற்றின் இலக்குத்தாளில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 50 மி.மீ.; ஆக நடுவிலிருந்து அதன் விளிம்புக்குச் சரியாக 25 மி.மீ. குறிகளின் இடைவெளி 150 மி.மீ. மட்டுமே உள்ள குட்டைத் துப்பாக்கியில் அதே 0.22 மி.மீ. பிழை 36.7 மி.மீ. விலகலாகிறது, 10 போய் 9 ஆகிறது. எனவே இலக்குக்காக வாங்குபவருக்கு 5.5 முதல் 6 அங்குலக் குழல் பொருத்தமானது. சர்வதேச விதியின் குழல் வரம்பும் 153 மி.மீ., ஏறக்குறைய 6 அங்குலம். கண்பார்வை மங்கியவர்களுக்கு சிவப்புப் புள்ளிக் கருவி பெரிய உதவி. ஒரே கையால் சுடும் அமெரிக்க புல்ஸ்ஐ போட்டிகள் அதை ஏற்கின்றன, சர்வதேச 25 மீட்டர் விதி ஏற்பதில்லை.

டிரிக்கரின் இழுவிசையைத் துப்பாக்கியின் எடையோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். சர்வதேச விதிப்படி குறைந்தது 1,000 கிராம். அமெரிக்க புல்ஸ்ஐ போட்டியில் .22க்குக் குறைந்தது 2 பவுண்டு, அதாவது 907 கிராம். ஆலையிலிருந்து வரும் சாதாரணத் துப்பாக்கியில் இது பெரும்பாலும் 4 முதல் 5 பவுண்டு, 1.8 முதல் 2.3 கிலோ. 1 கிலோ துப்பாக்கியை அசையாமல் வைத்துக்கொண்டு ஒரே விரலால் 2 கிலோ இழுப்பது கடினம். 1.1 முதல் 1.4 கிலோவுக்குள், இழுப்பு வழியில் தடுக்காமல் ஒரே இடத்தில் விடுபடும் டிரிக்கர் பொழுதுபோக்குக்குப் போதும். இழுவிசையைக் குறைக்கும் வேலையைத் தேர்ந்த துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடமே கொடுக்க வேண்டும்.

பயன்படுத்திய துப்பாக்கி வாங்குபவர் பார்க்க வேண்டிய நாள் 2017 ஜூன் 1. அதற்கு முன் தயாரான ரூகர் மார்க் 4 துப்பாக்கிகளை நிறுவனமே பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. பாதுகாப்பு நெம்புகோல் நடுநிலையில் இருக்கும்போது டிரிக்கரை இழுத்துவிட்டு, பிறகு நெம்புகோலைத் தள்ளினால் சுட்டுவிடக்கூடும் என்பதே குறை. தயாரிப்பு எண்ணைச் சரிபார்க்கச் செலவு எதுவும் இல்லை.

தோட்டா வகையைப் பொறுத்தவரை விலை உயர்ந்ததே சிறந்தது என்று கணக்கு சொல்வதில்லை. ஒரே மாதிரியில் வந்த இரண்டு துப்பாக்கிகள் வெவ்வேறு தோட்டாவை விரும்புவது வழக்கம். 5 வகையில் 50 வீதம் 250 தோட்டா வாங்கி, துப்பாக்கியை மணல்பையில் தாங்கவைத்து 25 கஜத்தில் சுட்டு, துளைக்கூட்டங்களின் அகலத்தை அளந்தால் விடை கிடைக்கும். சராசரி 15 சென்ட் என்றாலும் செலவு 37.50 டாலர். தேவையில்லாமல் 20 சென்ட் தோட்டாவுக்கு மாறுவதைத் தவிர்த்தால் 10 ஆண்டில் மிச்சம் 5,000 டாலர்.

இந்தத் தோட்டாவின் இன்பத்தையும் எண்ணால் சொல்லலாம். அமெரிக்க புல்ஸ்ஐயில் .22 பிரிவுக்கு 90 தோட்டா, 900 புள்ளி. மெதுச் சுற்றில் 10 தோட்டாவுக்கு 10 நிமிடம், ஒன்றுக்கு 60 நொடி. நேரச் சுற்றில் 5 தோட்டாவுக்கு 20 நொடி, ஒன்றுக்கு 4 நொடி. விரைவுச் சுற்றில் 5 தோட்டாவுக்கு 10 நொடி, ஒன்றுக்கு 2 நொடி. ஒரே கையில், ஒரே துப்பாக்கியில், 30 மடங்கு வேகம் மாறும் விளையாட்டு. தோட்டாச் செலவு 9 டாலர். .22 சுடுதலின் உச்சத்துக்கு அளவுகோலாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பார்க்கலாம். மகளிர் 25 மீட்டர் தகுதிச் சுற்றில் இந்தியாவின் மனு பாக்கர் இதே .22 தோட்டாவால் துல்லியப் பகுதியில் 294, விரைவுப் பகுதியில் 296, மொத்தம் 600க்கு 590 எடுத்தார். ஒரு தோட்டாவுக்குச் சராசரி 9.83. இறுதிச் சுற்றில் 28 புள்ளிகளுடன் நான்காம் இடம். வாரம் ஒரு மணி நேரம் சுடுபவருக்கு அந்த எண் எட்டாது. ஆனால் அதே தோட்டாவால் அதே இலக்குத்தாளில் சுட்டால் தன் எண்ணை அதன் அருகில் வைத்துப் பார்க்க முடிகிறது. வேறு பல விளையாட்டுகள் இந்த வாய்ப்பைத் தருவதில்லை.

மறுபக்கத்தில் மூன்று எண்கள். முதலாவது 2.4 கிலோமீட்டர்: .22 குண்டு 1.5 மைல் வரை செல்லக்கூடும் என்பது தோட்டாப் பெட்டிகளிலேயே அச்சிடப்படும் எச்சரிக்கை. 25 கஜ இலக்கு, அதாவது 22.86 மீட்டர், அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மண்மேடோ உறுதியான தடுப்போ இல்லாத இடத்தில் சுடக் கூடாது. இரண்டாவது 140 டெசிபல்: திடீர் ஓசைக்கு அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வைத்த உச்ச வரம்பு இது, சிறிய .22 கைத்துப்பாக்கியும் அதைத் தாண்டும். மூடிய சுடுதளத்தில் காதடைப்பான், காதுக்கவசம் இரண்டும் வேண்டும். மூன்றாவது 129.6 கிலோகிராம்: 50,000 குண்டுகளின் எடை. அவற்றில் பெரும்பகுதி ஈயம். பற்றவைக்கும் மருந்திலும் ஈயச் சேர்மம் உண்டு. தொழிலிடக் காற்றில் 8 மணி நேரச் சராசரியாக அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் ஈயம் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் மட்டுமே. நல்ல காற்றோட்டமுள்ள சுடுதளம், சுட்டபின் சோப்பால் கைகழுவுதல், உடை மாற்றிய பிறகே குழந்தைகளைத் தூக்குதல் ஆகிய மூன்றும் செலவுப் பட்டியலில் வராத கட்டாயங்கள்.

ஆகவே முடிவெடுக்கும் வரிசையை எண்களே தருகின்றன: முதலில் போய்வரத் தோதான, பாதுகாப்பான சுடுதளம் (63.7 விழுக்காடு), அடுத்து துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா (31.8 விழுக்காடு), கடைசியில் துப்பாக்கியின் விலை (3.2 விழுக்காடு). அந்த 3.2 விழுக்காட்டுக்குள் பார்க்க வேண்டியவை எடை, குறிகளின் இடைவெளி, டிரிக்கர் ஆகியவையே. பல சுடுதளங்கள் துப்பாக்கியை வாடகைக்குத் தருகின்றன. 3 மாதிரிகளை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் சுட, மணிக்கு 20 டாலர் கட்டணம், 15 டாலர் வாடகை, 10 டாலர் தோட்டா என்று கொண்டால் 135 டாலர் ஆகும். 10 ஆண்டுச் செலவில் இது 0.9 விழுக்காடு. அந்த 15,700 டாலரும் சரியான துப்பாக்கியில் செலவாக, முதலில் போட வேண்டிய தொகை இதுதான்.