நெடுந்தீவு மதிலோரம்

முன்னாளில் கமரா வைத்திருந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோதாம். கலியாண வீடாயினும் செத்த வீடாயினும் அவரைத் தேடி ஆள் அனுப்புவார்கள். இந்நாளிலோ வீட்டுக்கு நான்கு கமராக்கள் உள. சட்டைப் பையிற் கிடக்கும் கைத்தொலைபேசி ஒவ்வொன்றும் ஒரு கமராவே. ஒரு பகற்பொழுதில் இருநூறு படம் எடுத்து மறுநாளே மறந்துவிடும் காலம் இது. ஆயின் வேலணையிலோ, புங்குடுதீவிலோ, ஊர்காவற்றுறையிலோ அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தெரு எவ்வாறிருந்தது என்று காட்ட ஒரு படம் கேட்டுப் பாருங்கள். பத்து வீடு ஏறி இறங்கினாலும் ஒன்று அகப்படுதல் அரிது.

காரணம் அறியாததன்று. 1990, 1991-ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். கைக்கு எட்டியவற்றோடு வெளியேறியவர்கள் காணி உறுதியை எடுத்தார்கள், நகையை எடுத்தார்கள், அலுமாரி மேலிருந்த பட அல்பத்தை எவரும் நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது பல வீடுகளிற் கூரையும் இல்லை, கதவும் இல்லை. 1981-ஆம் ஆண்டு எரியுண்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை உலகம் அறியும். வீட்டுக்கு வீடு அழிந்த படங்களுக்குக் கணக்கெழுதியவர் இலர்.

எம் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. எமது பெரிய தந்தையார் வேலணையில் ஆசிரியராயிருந்தவர். பெரியையா என்றே நாம் அவரை அழைப்போம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெட்டிக் கமரா வாங்கியிருந்தார். அதில் ஒரு பிலிம் சுருளுக்கு 8 படங்களே எடுக்கலாம். எட்டும் முடிந்தால் அடுத்த சம்பளம் வரையும் கமரா உறங்கவேண்டியதுதான். ஆதலால் விடுமுறை நாட்களிற் சைக்கிளில் ஊர் ஊராய்த் திரிந்தாலும் நினைத்த நினைத்த இடத்தில் விசையைத் தட்டிவிடமாட்டார். நிற்பார், வெயிலைப் பார்ப்பார், பல தடவை படம் எடாமலே திரும்பிவிடுவார். அச்சிட்டு வந்த ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் இடம், நாள், நேரம், வெயில் வந்த திசை ஆகியவற்றை மையினால் எழுதிவைப்பார். பள்ளிக்கூடப் பதிவேடு எழுதும் பழக்கம் அவரை விட்டு எங்கே போகும்!

பிஸ்கட் தகரப்பெட்டியில் அவர் பேணிவைத்த நெகற்றிவுகள் அனைத்தும் 1990-இல் போயின. எஞ்சியது ஒரே படம். அதுவும் முன்னரே மலாயாவிலிருந்த மாமிக்குக் கடிதத்தோடு அனுப்பப்பட்டமையால் தப்பியது. மாமியின் மகன் பல்லாண்டுகளுக்குப் பின் அதனை எம்மிடம் சேர்ப்பித்தார். முருகைக்கல் மதிலோரமாக, இடுப்பிற் குடத்துடன் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கின்றாள். பின்புறத்தில், “நெடுந்தீவு மேற்கு. 12-4-64. காலை 7-30. வெயில் இடப்பக்கம்” என்றிருக்கின்றது.

படமெடுத்தலைத் தொழிலாகக் கொள்ளாதவர்களே நாட்டின் முகத்தைக் காத்துத் தந்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது. 1888-இல் கொடக் கமராவும், 1900-இல் ஒரு டொலர் விலையில் பிரவுணிப் பெட்டிக் கமராவும் வெளிவந்தபின் இக்கலை சாதாரண மக்கள் கைக்கு வந்தது. எமது நாட்டில் இலயனல் வென்ட் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். பொழுதுபோக்காகக் கமராவை எடுத்து இலங்கையின் மனிதரையும் நிலத்தையும் படமாக்கினார். 1944-இல் அவர் மறைந்தபின் நெகற்றிவுகள் அழிக்கப்பட்டன. இன்று நாம் காண்பன அவர் கையால் அச்சிட்ட படங்களே. தமிழகத்து மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். பல கமராக்களின் உறுப்புக்களை ஒன்றாய்ப் பொருத்தித் தாமே ஒரு பாரமான கமராவை ஆக்கிக்கொண்டு, அதற்கு வேடிக்கையாகச் ‘சூப்பர் பொண்டரோசா’ என்று பெயருமிட்டு, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையிற் பிடித்தவர். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை இயற்கை பற்றி எழுதிவந்தார். விலங்கைத் துன்புறுத்தாமற் காத்திருந்து எடுக்கும் பொறுமையை அவரிடமே கற்கவேண்டும்.

இந்தப் பொறுமை எம் மாணவரிடத்து உளதா என்று பார்க்க வேண்டியிருந்தது. சென்ற ஆண்டு பங்குனியில் மாணவர் அறுவரை அழைத்துக்கொண்டு தீவுகளுக்குப் புறப்பட்டோம். பெரியையாவின் படத்தையும் உறையிலிட்டு எடுத்துச் சென்றோம்.

பண்ணைத் தாம்போதியில் வைகறையிலேயே இறங்கிவிட்டால் அன்றைய நாளுக்கு வேண்டிய படம் அங்கேயே கிடைத்துவிடும். ஐப்பசி முதல் பங்குனி வரை வடபுலத்திலிருந்து வரும் பறவைகள் ஆழமற்ற இக்களப்பில் மேய்கின்றன. உள்ளானும் ஆலாவும் கணக்கில. நல்ல காலமிருந்தாற் பூநாரைக் கூட்டமும் காணலாம். பின்பு அல்லைப்பிட்டி, வேலணை வழியே ஊர்காவற்றுறை. துறை என்னும் பொருளுடைய போர்த்துக்கீசச் சொல்லிலிருந்தே ‘கயிற்ஸ்’ என்ற ஆங்கில வழக்கு வந்தது. துறையில் நின்று நோக்கினால் கடல் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கீசர் கட்டி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. பன்றித்தொடையின் குதிக்கால் என்று பொருள்பட ‘ஹமன்ஹீல்’ என்று அதற்குப் பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் அவர்களுக்கு அவ்வாறு தோன்றிற்றாம்! எமக்கோ மாம்பழமாகத் தோன்றும். உச்சி வெயிலில் அக்கோட்டை தட்டையான ஒரு கறுப்புக் கோடுதான். படத்துக்குரிய நேரம் மாலையே. மற்றொன்றும் சொல்லவேண்டும்: இப்பகுதியிற் கடற்படை முகாம்கள் உள, அப்பக்கம் கமராவைத் திருப்பாதிருத்தல் நன்று.

நயினாதீவு குறிகட்டுவானிலிருந்து சிறிது நேரப் பயணம். நாகபூசணி அம்மன் கோபுரம் நீர்மேல் எழுந்து வருவதைப் படகிலிருந்தே எடுக்கலாம். கோயிலுக்குள் கமராவைப் பைக்குள் வைத்துவிடுமாறு மாணவருக்குக் கட்டளையிட்டோம். கும்பிடுபவரின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டுவது கலையன்று என்பது எமது கட்சி. ஒரு மாணவி வெளியே, வள்ளத்திலிருந்து இறங்கும் முதியவர்களுக்குக் கைகொடுக்கும் படகோட்டியின் கையை மட்டும் எடுத்திருந்தாள். அன்றைய படங்களில் எமக்குப் பிடித்தது அதுவே.

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். 1985 மே 15-ஆம் நாள் குமுதினிப் படகில் வந்த தீவு மக்கள் பலர் கொல்லப்பட்டது இந்தக் கடலிலேதான். அதைச் சொன்னபோது, அதுவரை தம்மைத் தாமே படமெடுத்துக்கொண்டிருந்த மாணவர் சற்றே அடங்கியிருந்தனர்.

அடக்கம் தரை இறங்கும்வரையும்தான். நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அவர்கள். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வந்து, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அதிகாரியின் மேற்பார்வையில் வளர்க்கப்பட்டு, பின்பு கவனிப்பாரற்று வெட்டை வெளியிற் காட்டு விலங்காய்த் திரியும் கட்டைக் குதிரைகள் இவை. நீர்மடு ஒன்றின் அருகே ஒரு கூட்டம் நின்றது. எம் மாணவன் ஒருவன், குதிரை ஓடும்போது எடுத்தால் அழகு என்று கைதட்டிக்கொண்டு ஓடினான். கூட்டம் சிதறிற்று. குட்டியொன்று தாயைத் தேடி இரு பக்கமும் ஓடியது. அவனுக்குக் கிடைத்த படத்தில் ஒரு வாலும் புழுதியும் இருந்தன. நாம் கடிந்துகொண்டோம். நன்னீர் அரிதான தீவு. வறட்சி மிகுந்த ஆண்டுகளிற் குதிரைகள் நீரின்றி மடிந்ததுண்டு. அவற்றைத் தண்ணீரிலிருந்து விரட்டி எடுக்கும் படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டியதில்லை. காற்று எம்மை நோக்கி வீசும் பக்கத்தில், தூரத்தே நிலத்தில் அமர்ந்துவிட்டாற் போதும். அரை மணியில் அவை தாமே திரும்பும். அன்றும் திரும்பின.

பகல் வெயிலில் மற்றொரு தொல்லையும் உண்டு. வெண்மணலையும் முருகைக்கல்லையும் கண்ட கமரா, ஒளி மிகுதியென்று எண்ணித் தானே குறைத்துக்கொள்ளும். கல் சாம்பல் நிறமாகும். முன்னே நிற்பவர் முகம் கறுத்துவிடும். ஒளியின் அளவைச் சிறிது கூட்டிவைத்தே எடுக்கவேண்டும். அதனினும் மேலான வழி இரவு தங்கிவிடுவது. காலையும் மாலையும் பக்கவாட்டில் விழும் வெயிலிலேதான் அம்மதில்களின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே எழுந்து நிற்கும். காலைப் படகில் வந்து மாலைப் படகிற் போகும் உல்லாசப் பயணிகள் பெருக்கமரத்தின் பொந்துக்குள் நின்று படமெடுத்துத் திருப்தியடைகின்றனர். மதிலை அவர்கள் காண்பதேயில்லை.

தங்கினோம். பெரியையாவின் படத்தைக் கொண்டு இடத்தைத் தேடினோம். காலை 7-30க்கு வெயில் இடப்பக்கம் என்றால், கிழக்கு இடப்புறம். ஆகவே கமரா தெற்கு நோக்கியிருந்தது. மேற்குப் பகுதியிலே தெற்கு நோக்கி ஓடும் ஒழுங்கைகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தோம். பல இடங்களில் மதில் இல்லை. கல்லை எடுத்துவிட்டுச் சீமெந்துச் சுவர் எழுப்பியிருந்தனர். பொழுது சாயும் வேளையில், படலை திறந்து வந்த மூதாட்டி ஒருவர் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

“இது எங்கட ஒழுங்கையெல்லே தம்பி. அந்த நீட்டுக் கல்லைப் பாருங்கோ, இப்பவும் கிடக்குது.”

கிடந்தது. மதில் பாதி உயரமாய்த் தாழ்ந்திருந்தது. ஆயினும் அடியிலிருந்த நீண்ட கல் அதுவே. அவர் படத்தைத் திருப்பித் தரவில்லை.

“இவ என்ர மூத்தக்கா. செத்து முப்பது வருஷமாச்சு. அவவின்ர படமெண்டு எங்களிட்ட ஒண்டுமில்லை, மாஸ்ரர்.”

மாணவர் எவரும் பேசவில்லை. ஒருவன் அப்படத்தைத் தன் கைத்தொலைபேசியிற் பிரதி எடுத்தான். மூதாட்டியிடம், நாளைக் காலை அதே இடத்தில் நிற்பீர்களா என்று கேட்டோம். இந்தக் கோலத்தில் எப்படி என்று முதலில் மறுத்தார். பின்பு சேலை மாற்றி வருவதாகச் சொன்னார்.

மறுநாள் 7-30க்கு வெயில் இடப்பக்கத்திலிருந்து வந்தது. கத்தரிப்பூ நிறச் சேலையில், கையில் அலுமினியக் குடத்துடன் அவர் மதிலோரம் நின்றார். குடத்தை நாம் கேட்கவில்லை. குதிரையை விரட்டிய மாணவனே படமெடுத்தான். நெடுநேரம் நின்றான், ஒரே தடவைதான் விசையைத் தொட்டான்.

யாழ்ப்பாணம் வந்ததும் இரு படங்களையும் கடதாசியில் அச்சிட்டு, பின்புறத்தில் இடம், நாள், நேரம் எழுதித் தபாலில் அனுப்பினோம். பிரதியொன்றை இணையத்திற் பேணுவதற்கு நூலகம் நிறுவனத்திடம் கொடுக்கவும் எண்ணியுள்ளோம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் காத்துவரும் அந்நிறுவனம் இத்தகைய படங்களையும் ஏற்றுக்கொள்கின்றது. வாசகர் வீட்டு அலுமாரியிற் பழைய படம் இருக்குமாயின், அதன் பின்புறத்தில் எழுதவேண்டியதை, அறிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

இரண்டு கிழமை கழித்து மூதாட்டியின் பேரன் தொலைபேசியில் அழைத்துக் கொடுத்தான். படங்கள் வந்து சேர்ந்தன. இரண்டையும் ஒரே சட்டத்துள் மாட்டியாயிற்று. ஆனால் அவருக்கு ஒரு மனக்குறை.

“அக்கா இன்னும் பத்து வயசிலயே நிக்கிறா. தங்கச்சி நான் கிழவியாப் போனன். பாக்கிற ஆக்கள் என்னைத்தான் மூத்தவ எண்டு சொல்லுதுகள்.”