ஆயிரத்தில் நானூறு

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் இடுப்புச் சிறுத்த பெரிய கோபுரங்கள் நிற்கின்றன. உச்சியில் வெள்ளையாகப் பொங்குவதைப் பலரும் புகை என்றே நினைக்கிறார்கள். அவை நீர்த்துளிகள். பழுப்பு நிலக்கரியை எரித்துப் பெற்ற வெப்பத்தில் பெரும்பங்கை அந்தக் கோபுரங்கள் காற்றில் கரைத்துவிடுகின்றன. எதற்கு இந்த விரயம்?

முதலில் நீராவியைப் பார்ப்போம். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். அதை முழுக்க ஆவியாக்கவோ மேலும் 2,257 கிலோஜூல் வேண்டும். அத்தனையும் உள்ளே போன பிறகும் வெப்பமானி 100-ஐத் தாண்டாது. இதுவே உள்ளுறை வெப்பம். இட்லிப் பானையின் ஆவி கையில் பட்டால் கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடுவது, அது தோலில் நீராகும்போது இந்த வெப்பத்தை இறக்கிவைப்பதால்தான்.

பொறியாளர்களின் நீராவி அட்டவணையில் அழுத்தம், வெப்பநிலை, கன அளவு எல்லாவற்றோடும் என்ட்ரோபிக்கும் ஒரு பத்தி உண்டு. 1865-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் வைத்த பெயர் அது. உள்ளே வரும் வெப்பத்தை, அப்போதுள்ள கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி எவ்வளவு கூடியது என்று தெரியும். 100 டிகிரி செல்சியஸ் என்பது 373 கெல்வின்; 2,257-ஐ 373-ஆல் வகுத்தால் சுமார் 6.05. ஒரு லிட்டர் இடத்தில் நெருங்கிக் கிடந்த மூலக்கூறுகள் ஏறத்தாழ 1,670 லிட்டரில் பரவித் திரிகின்றன. அந்தச் சிதறலின் அளவே இந்த எண்.

இனி மின் நிலையத்தின் கணக்கு. 800 கெல்வினில் 1,000 கிலோஜூல் வெப்பத்தை நீராவி பெறுகிறது என்று கொள்வோம். கூடவே வரும் என்ட்ரோபி 1.25. டர்பைன் சுழன்று வெளியே தரும் வேலையில் என்ட்ரோபி துளியும் வெளியேறாது. ஆனால் நீராவி மறுபடி நீராகிப் பாய்லருக்குத் திரும்ப வேண்டுமானால், அந்த 1.25-ஐ எங்காவது இறக்கியாக வேண்டும். வெப்பத்தோடு சேர்த்துத்தான் அதை இறக்க முடியும். குளிர்ந்த பக்கம் 320 கெல்வின் என்றால் 1.25 பெருக்கல் 320: 400 கிலோஜூல். எஞ்சிய 600-க்கு மேல் எந்தப் பொறியாளராலும் வேலை வாங்க முடியாது. உராய்வும் கசிவும் புதிதாக என்ட்ரோபியை உண்டாக்குவதால், நடைமுறையில் அதுவும் கிட்டாது.

குளிர்ந்த பக்கத்தை, சுற்றுப்புறக் காற்றைவிட வெகுவாகக் குளிர்விக்க முடியாது. அதனால்தான் பாய்லரின் வெப்பநிலையை உயர்த்தப் பார்க்கிறார்கள்: அதே வெப்பம், குறைந்த என்ட்ரோபி. ஆனாலும் கோபுரத்துக்கு உரிய பங்கு சுழியாகாது. வீண் என்று கோபுரத்தை மூடினால், டர்பைனும் நின்றுவிடும்.